மட்டெம்பா: வற்றும் ஏரியின் கெண்டை

மலாவியின் தெற்கில், மொசாம்பிக் எல்லையோரம் சில்வா என்றொரு ஏரி இருக்கிறது. டொமாசி, லிக்கங்கலா, பலோம்பே, சொம்பானி என்று பல நதிகள் அதில் வந்து விழுகின்றன. வெளியேற ஒரு வழியும் இல்லை. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகித்தான் போக வேண்டும். நன்றாக நிறைந்த ஆண்டிலும் சராசரி ஆழம் இரண்டு மீட்டர் அளவுதான். மழை இரண்டு மூன்று வருடம் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஏரியே இல்லாமல் போய்விடும். 1968-இல் அப்படி முழுதாக வற்றியது. 1995-இல் மறுபடியும். 2012-இல் பெருமளவு சுருங்கியது. 2018-இல் திரும்பவும் படுகை வெடித்துக் கிடந்தது.

இப்படிப்பட்ட ஓர் ஏரியிலிருந்து, நல்ல ஆண்டுகளில், மலாவி நாட்டின் மொத்த மீனில் ஐந்தில் ஒரு பங்கு வரை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் நம்புவது கடினம். ஒரே ஆண்டில் 20,000 டன்னைத் தாண்டியதும் உண்டு. பல ஆண்டுகளில் அந்த மீனின் பெரும்பகுதி விரல் நீளமே உள்ள ஒரு வெள்ளிநிறக் கெண்டை. சிச்செவா மொழியில் மட்டெம்பா. அறிவியல் பெயர் என்டெரோமியஸ் பாலுடினோசஸ்.

அதிகபட்சம் 15 செ.மீ. வரை வளரும் என்று எழுதியிருப்பார்கள். சந்தையில் அவ்வளவு பெரியதை நான் பார்த்ததில்லை. ஒல்லியான உடல், மேலே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், பக்கங்களில் வெள்ளி. வாயோரம் இரண்டு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பின் முன்பக்கத்தில் ஒரு முள், அதன் பின்விளிம்பு அரம் போலிருக்கும். மீனைக் கையில் எடுத்தால் விரலைக் கீறிவிடும். மற்றபடி கண்ணைக் கவர எதுவும் இல்லை. மீன் தொட்டிக்காரர்கள் தேடும் ஆப்பிரிக்கக் கெண்டைகள் வேறு. காங்கோவிலிருந்து வரும், துடுப்பில் கறுப்பும் மஞ்சளுமாக மின்னும் பட்டாம்பூச்சிக் கெண்டை போன்றவை. மட்டெம்பாவைத் தொட்டியில் வைத்து அழகு பார்க்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1840-களில் மொசாம்பிக்கில் சில ஆண்டுகள் சுற்றியவர். அவர்தான் 1852-இல் இந்த மீனுக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தார். அன்றைக்கு ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று எல்லாக் கண்டத்துக் கெண்டைகளையும் பார்பஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊர்க் குளத்துக் கெண்டைகளும் அந்தப் பெயரில் இருந்தவைதான். பின்னால் நம்முடையவை பிரிந்து புன்டியஸ் ஆயின. ஆப்பிரிக்காவின் சிறு கெண்டைகள் மட்டும் வெகுகாலம் அந்தப் பழைய பெயரிலேயே கிடந்தன. 2015-க்குப் பிறகுதான் என்டெரோமியஸ் என்ற பெயர் பரவலாயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இப்போது அதற்குள் இருக்கின்றன. அந்தப் பிரிப்பு சரியா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் கெண்டைக் குடும்பமே ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது என்பது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டு நிலப்பரப்புகளும் அரேபியா வழியாக ஒட்டிக்கொண்ட மயோசீன் காலத்தில் நதி நதியாகக் கடந்து போயிருக்கின்றன. தென்னமெரிக்காவின் நதிகளில் இயற்கையாக ஒரு கெண்டைகூடக் கிடையாது, அங்கே போக அவற்றுக்கு வழி இருக்கவில்லை. ஆக, மட்டெம்பாவும் நம் கண்மாய்க் கெண்டையும் தூரத்துப் பங்காளிகள். எதிர்த்திசையில் இங்கே வந்த மீனும் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, நாம் ஜிலேபி என்று சொல்கிற திலாப்பியா, 1952-இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. அதன் நெருங்கிய சொந்தம் மக்கும்பா என்ற பெயரில் சில்வாவில் இருக்கிறது. மூன்றாவதாக ம்லாம்பா. இந்தியாவில் வளர்க்கத் தடை இருந்தும் ரகசியமாக வளர்க்கிறார்களே, அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியேதான். சில்வாவின் மீன்பிடி என்பது இந்த மூன்றைச் சுற்றித்தான்.

நான் ஆசிரியர் வேலையில் ஸோம்பாவில் சில ஆண்டுகள் இருந்தேன். 1975 வரை அதுதான் தலைநகர். மலையடிவாரத்தில், பழைய ஓட்டு வீடுகளும் பெரிய மரங்களுமாக, அமைதியான ஊர். அங்கிருந்து கிழக்கே தாழ்நிலத்தில் இறங்கினால் கச்சூலு என்ற படகுத்துறை. ஏரிக்கு அதுதான் வாசல். மட்டெம்பாவை நான் முதலில் பார்த்தது ஸோம்பா சந்தையில். தார்ப்பாயில் வரிசை வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். எடை போடுவது கிடையாது. சின்னத் தட்டால் அள்ளி, கூம்பாகக் குவித்து, அதற்கு ஒரு விலை. பக்கத்திலேயே மலாவி ஏரியின் உசிப்பாவும் இருக்கும், அதற்குத்தான் மதிப்பு அதிகம். பார்த்ததும் நெத்திலிக் கருவாடு ஞாபகம் வந்து வாங்கினேன். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய வைத்தது என்பது வாயில் வைத்ததும் தெரிந்தது. நன்னீர் மீனின் அந்த லேசான மண் வாசமும் இருந்தது.

வாடிக்கையாக நான் வாங்கும் அமாயி ஒருவர் இருந்தார். அம்மா என்று நாம் விளிப்பது போல அங்கே அமாயி. "அமாயி, தலையைக் கிள்ளிப் போட்டுவிடவா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏன்? அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்!" என்றார். சுடுதண்ணீரில் அலசி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, தக்காளியும் வெங்காயமும் போட்டு வதக்கி, கடைசியில் நிலக்கடலை மாவு தூவி இறக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். மக்காச்சோளக் களி ன்சிமாவை உருட்டி, அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அப்புறம் நானாக ஒருமுறை புளி கரைத்து ஊற்றினேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

அந்த அமாயி சொன்னது சும்மா இல்லை. தலை, எலும்பு, கண், குடல் என்று முழுசாகத் தின்னும் மீனில்தான் கால்சியமும் இரும்பும் துத்தநாகமும் உயிர்ச்சத்து ஏ-யும் முழுதாகக் கிடைக்கின்றன. பெரிய மீனில் நாம் துண்டு போட்டு எடுப்பது சதையை மட்டும். பாதிச் சத்து முள்ளோடு குப்பைக்குப் போகிறது. மலாவியில் 2015-16-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 37 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அங்கே ஏழை வீட்டில் மாமிசம் என்பது பண்டிகைக்கு. முட்டையை விற்றுவிடுவார்கள். கைப்பிடி மட்டெம்பா மட்டும் எப்படியாவது சட்டிக்கு வந்துவிடும். தட்டுக் கணக்கில் விற்பதால், கையில் இருக்கிற காசுக்கு வாங்கலாம். குளிர்பெட்டி தேவையில்லை. சாக்கில் கட்டி மினிபஸ் கூரையில் போட்டால் எந்த ஊருக்கும் போகும். பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். வாங்கி, காய வைத்து, ஊர் ஊராக எடுத்துப்போய் விற்பதில் பெண்கள் பங்கு பெரிது.

ஏரியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,400 சதுர கிலோமீட்டர். அதில் திறந்த தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு பங்கு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சம்பங்கோரைக் காடு. மீதி, மழையில் மூழ்கி வெயிலில் காயும் புல்வெளி. படகில் போனால் முதலில் கோரைக்குள் வெட்டிய வாய்க்கால் வழியாக நெடுநேரம் போக வேண்டும், அப்புறம்தான் வெளிச்சமான தண்ணீர் வரும். தண்ணீர் தெளிவாக இருக்காது. காற்று அடிக்கிற போதெல்லாம் அடிச்சேறு கலங்கி, பால் விட்ட தேநீர் நிறத்தில் கிடக்கும். கோரையை அடுக்கிக் கட்டிய மேடைகளில் குடிசை போட்டு, தண்ணீர் நடுவிலேயே வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்களும் உண்டு. அந்தக் குடிசைகளுக்கு ஸிம்போவேரா என்று பெயர். குடிப்பதும் கழிப்பதும் அதே தண்ணீர். 2015-16-இல் அங்கே காலரா பரவியபோது, சுகாதாரத் துறையினர் படகில் போய் வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் தவணைக்கு மீனவர் எங்கே இருப்பார் என்று தெரியாது. அதனால் அந்த மருந்தையும் பையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்த ஏரி மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மட்டெம்பாவுக்குச் சின்னக் கண் கொண்ட இழுவலை. கோரைக்குள் பறி வைத்தும் பிடிப்பார்கள். பிடித்ததை நாணல் தட்டியில் பரப்பினால் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். மழை மாதங்களில்தான் தொல்லை. மீன் அதிகம், வெயில் குறைவு. தட்டியிலேயே புழு வைத்துவிடும். அதற்காக நெகிழித் தாள் போர்த்திய சூரியக் கூடாரங்களை அங்குள்ள பெண்கள் குழுக்களுக்குப் பழக்கினார்கள். அதில் காய்ந்த மீனில் மணல் இருக்காது, நிறமும் மங்காது, விலையும் கூட. இன்னும் நிறையக் கூடாரங்கள் வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிடித்தபின் கெட்டுப்போகும் மீன்தான் மிகப் பெரிய வீண்.

இனி வறட்சிக்கு வருகிறேன். இந்த மீனைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1960-களின் நடுவில் மலாவிக்கு விடுதலை கிடைத்த கையோடு ஒரு பல்கலைக்கழகமும் தொடங்கியது. உயிரியல் பேராசிரியர் மார்கரெட் கால்க்கும் அவரோடு இருந்தவர்களும் சில்வாவை ஆராயத் திட்டமிட்டு இறங்கியபோது, ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. ஓர் ஏரி எப்படிச் சாகிறது, எப்படி மீண்டு எழுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கிட்டத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. உலகில் இப்படிப் பார்க்கப்பட்ட ஏரிகள் சொற்பம்.

தண்ணீர் குறையக் குறைய உப்பும் காரத்தன்மையும் ஏறும். ஆழம் இல்லாததால் ஒவ்வொரு காற்றுக்கும் அடிமண் முழுதும் கிளம்பும். அந்தச் சேற்றில் இருக்கிற மக்கிய கழிவு, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். முதலில் செத்து மிதந்தது மக்கும்பா. அடுத்து மட்டெம்பா காணாமல் போனது. காற்றை நேராக விழுங்கத் தெரிந்த ம்லாம்பா மட்டும் கடைசிச் சேறு வரை தாக்குப்பிடித்தது. 1968-இல் அதுவும் முடிந்தது. மழை மறுபடி வந்து ஏரி நிறைந்ததும் முதலில் பெருகியதும் ம்லாம்பாதான். இரண்டு மூன்று ஆண்டுக்குள் மட்டெம்பா பழைய கூட்டமாகத் திரும்பி வந்துவிட்டது. மக்கும்பாவுக்கு இன்னும் நாளாயிற்று. 1995 வறட்சிக்குப் பின்னும் ஏறத்தாழ இதே வரிசைதான்.

வெடித்த களிமண்ணிலிருந்து மீன் எப்படி வந்தது? நம் ஊரில் கண்மாய் வற்றி, அடுத்த மழைக்கு நிறைந்தால் கெண்டை துள்ளும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே உண்டு. சேற்றுக்குள் முட்டை தூங்கும் என்று சொல்வார்கள். மட்டெம்பாவின் முட்டை அப்படி உலர்ந்து கிடந்து பொரிப்பது இல்லை. அந்த மீன் ஏரியை விட்டு வெளியே உயிரோடு இருந்தது என்பதுதான் விடை. ஏரிக்குள் வரும் நதிகளின் கடைசி வளைவுகளில், கோரைக் காட்டுக்குள் ஒதுங்கிய குட்டைகளில், நதி வற்றியும் வற்றாமல் நிற்கும் மடுக்களில். ஏரி என்பது அதற்கு வளமான மேய்ச்சல் நிலம். குடியிருப்பு என்று பார்த்தால் நதியும் சதுப்பும்தான். எத்தியோப்பியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை இந்த மீன் பரவியிருப்பதற்கும் காரணம் அதுவே: ஓட்டமில்லாத, செடி கொடி நிறைந்த, கலங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் அதற்குப் போதும்.

மற்றதையெல்லாம் அதன் அவசரம் செய்துவிடுகிறது. ஒரு வயதுக்குள் சினை பிடிக்கிறது. ஒரு பெண் மீன் சில நூறிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் வரை முட்டை சுமக்கும். அதையும் ஒரே தடவையில் கொட்டிவிடாமல், பருவத்தில் பல தடவையாக, வெள்ளம் மூழ்கடித்த புல்லிலும் கோரையிலும் இடும். ஒரு வெள்ளம் ஏமாற்றினால் அடுத்தது இருக்கிறது. ஆயுளே மூன்று வருடத்துக்குள்தான். புழு, பூச்சி, நீர்ப்பூச்சிகளின் குஞ்சு, பாசி, மக்கிய கழிவு என்று எதையும் தின்னும். புதிதாக நிறைந்த ஏரியில் தின்ன ஏராளமாக இருக்கும்: வற்றிக் கிடந்தபோது ஓரங்களில் புல் முளைத்திருக்கும், மாடுகள் மேய்ந்து சாணம் போட்டிருக்கும், அத்தனையும் தண்ணீரில் ஊறி உரமாகிவிடும். வேட்டையாடும் மீன்களும் அப்போது குறைவு. இதைவிட நல்ல காலம் ஒரு சிறு மீனுக்குக் கிடைக்காது.

ஆகவே வறட்சியையே இந்த ஏரியின் கேடு என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குச் சம்மதமில்லை. டேவிட் லிவிங்ஸ்டன் 1859 ஏப்ரலில் இந்தக் கரைக்கு வந்தபோதே அது வெளிவழி இல்லாத, கரிப்புத் தண்ணீர் ஏரிதான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. மட்டெம்பா அதற்குப் பழகிய மீன். எனக்குக் கவலை தருவது வறண்ட ஆண்டில் அந்த மடுக்களில் நடப்பது.

ஏரி வற்றினால் மீனவர் என்ன செய்வார்? வசதி இருப்பவர் வலையை எடுத்துக்கொண்டு மலாவி ஏரிக்கோ மலோம்பே ஏரிக்கோ போவார். சிலர் நீர்ப்பறவை பிடிப்பார்கள். நல்ல காலத்தில் அந்த ஏரியில் பத்து லட்சத்துக்கும் மேல் பறவைகள். சிலர் கூலிக்குப் போவார்கள். போக்கில்லாதவர் நதிக்குத்தான் திரும்புவார். அங்கே, முழங்கால் ஆழ மடுவில், அடுத்த ஏரிக்கான மொத்த விதையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. கொசுவலையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் ஒரே காலையில் துடைத்தெடுத்துவிடலாம். கொழிஞ்சி இனத்துச் செடி ஒன்றின் இலையை இடித்துக் கரைத்துவிட்டால் இழுக்கவே வேண்டாம், எல்லாம் மேலே மிதக்கும். பசியில் இருப்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் காலைப் பசிக்கு மூன்று ஆண்டு மீன் போய்விடுகிறது என்பதும் உண்மை.

இதை அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1995-96 வறட்சியின்போது, ஊர்த் தலைவர்களும் மீன்வளத் துறையும் சேர்ந்து கரையோரக் கிராமக் குழுக்களை அமைத்தார்கள். மடுக்களில் வலை கூடாது, நஞ்சு கூடாது என்று தடை வைத்தார்கள். மீறியவர்களுக்குத் தண்டம் போட்டார்கள். அதே 1996-இல்தான் சில்வா, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில், மலாவியின் முதல் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சம் இந்தக் குழுக்களுக்கும் கிடைத்திருக்கலாம். கூலி இல்லாமல், இரவில் நதிக்கரையில் காவல் இருந்தவர்கள் அவர்கள்.

அன்றைக்கு இல்லாத நெருக்கடி இன்றைக்குக் கூடியிருக்கிறது. ஸோம்பா மலைச் சரிவிலும் அடிவாரத்திலும் மரம் குறைந்துவிட்டது. விறகும் கரியும் அங்கிருந்துதான் ஊருக்கு வருகின்றன. மழை பெய்தால் மண்ணோடு ஒரேயடியாக இறங்கி, மடுக்களைத் தூர்த்துவிட்டு ஓடிவிடுகிறது. டொமாசியிலும் லிக்கங்கலாவிலும் நெல் பாசனத் திட்டங்கள் உள்ளன. நெல்லும் அந்த மக்களுக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், நதியில் நூலாகத் தண்ணீர் வரும்போது அதையும் திருப்பிவிட்டால், கீழே மடு என்று ஒன்று மிஞ்சாது. கோரைக்குள் வயல் வெட்டுவதும் அப்படியே. ஏரி வற்றியும் மீன் பிழைத்தது, நதி வற்றாததால்தான். நதியும் சேர்ந்து வற்றினால், திறந்த வானத்திலிருந்து மட்டெம்பா விழாது.

ஒவ்வொரு வறட்சிக்குப் பின்னும், பண்ணையில் மக்கும்பாக் குஞ்சு வளர்த்து ஏரியில் விடலாம் என்று பேச்சு கிளம்பும். விடட்டும், அது மெதுவாக மீளும் மீன். மட்டெம்பாவுக்குப் பண்ணையும் வேண்டாம், குஞ்சு பொரிப்பகமும் வேண்டாம். மழை வரும் வரை சில மடுக்களில் இடுப்பளவு தண்ணீரும், அதைத் தொடாத கைகளும் இருந்தால் போதும். தொடாமல் இருக்கச் சொல்பவர்கள் அந்தச் சில மாதச் சாப்பாட்டுக்கும் வழி சொல்ல வேண்டும். வறட்சி ஆண்டுகளில் மலாவிக்கு நிவாரண மக்காச்சோளம் எப்படியும் வருகிறது. சில்வா வட்டாரத்தில் அதை, மடுக்களைக் காவல் காக்கும் கிராமங்களிலிருந்து கொடுக்கத் தொடங்கலாம்: முதலில் டொமாசி, லிக்கங்கலா நதிகளின் கடைசி வளைவுகளில் இருக்கும் ஊர்கள், பிறகு பலோம்பே பக்கம்.